வாக்கில்லாத கதிரை

ஹாகன் நகரம். நவம்பர், புதன்கிழமை, மாலை ஆறு.
நூற்றுப் பதினான்காம் அறையின் ஹீற்றருக்குள்
ஆரோ விரலால் சுண்டிக்கொண்டிருக்கிறார்கள்.
மேசையில் நான்கு புத்தகங்கள்,
ஆறாம் வகுப்புப் புவியியல்.
நான்கின் அட்டையிலும் அதே பூமி,
நான்கிலும் ஐரோப்பா எங்களைப் பார்த்தபடி.

ஆசிரியர்கள் ஏழு பேர், அவர்களுக்கு வாக்கு உண்டு.
பெற்றோர் இருவர், நுர்தானும் நானும்.
எங்களுக்குக் கதிரை உண்டு, கருத்து உண்டு.
கதிரையோ பன்னிரண்டு வயதுக்காரருக்கானது.
முழங்கால் மேசைக்கு அடியில் போகாததால்
பக்கவாட்டில் இருந்து கேட்கிறேன்.

முதற் புத்தகத்தைப் பதிப்பகத்தின் ஆள் நேரே கொண்டுவந்தாராம்,
கூடவே ஒரு பெட்டி பிஸ்கற்.
பிஸ்கற் தின்று முடிந்துவிட்டது.
ஆகவே அந்தப் புத்தகத்தைப் பற்றி
நல்லது சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை.

இரண்டாவதில் கேள்விகள் சுலபம்.
"சிந்திக்க விடாமல் கையைப் பிடித்து நடத்துகிறது," கிளாசன்.
"பிடிக்கக் கை தேடும் பிள்ளைகள்
என் வகுப்பில் பதினொரு பேர்," ஓல்ட்ஹோஃப் அம்மையார்.
இருவரும் ஒரே பக்கத்தைத் திறந்து
ஒரே ஆற்றுக்கு இரண்டு கரையிலும் நிற்கிறார்கள்.

மூன்றாவது இணையத்தோடு வரும், உரிமம் பன்னிரண்டு மாதம்.
"அதற்குப் பிறகு?"
"அதற்குப் பிறகு புத்தகம்தான்."
ஆரோ சிரிக்கிறார்.
கணக்குப் பார்ப்பவர் சிரிக்கவில்லை.

நான்காவதை நான் நன்றாக அறிவேன்.
போன வாரம் நான்கையும் வீட்டுக்குத் தந்திருந்தார்கள், பார்த்துச் சொல்ல.
நான் பின்னாலிருந்து, பெயர் அட்டவணையில் தொடங்கினேன்.
மற்ற மூன்றிலும் தீவு ஒரு பெருவிரல் நகம்:
கொழும்பு, தேயிலை, பருவக்காற்றுக்கு ஓர் அம்புக்குறி.
நான்காவதில், வட கரையில், எறும்பு எழுத்தில்
எங்கள் துறை.
பருத்தித்துறை என்று அல்ல, பொயின்ற் பெட்ரோ என்று;
எந்தக் கப்பற்காரன் வைத்துவிட்டுப் போன பெயரோ.
ஆனாலும் புள்ளி எங்களுடையது.
இரவு வேலைக்குக் கிளம்புமுன் மூன்றுதரம் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.
"அதுவோ நல்ல புத்தகம்?" மிதுரன் கேட்டான்.
அவனுக்கு அது கேள்வி.
எனக்கு வழக்கு.

பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் ஒன்பது வருடமாக வேலை.
தூக்கினால் கிராம் சொல்லும் கை இது.
நான்காவதைத் தூக்கியபோதே சொல்லிவிட்டது.
நம்ப மனமில்லாமல்
கறித்தூள் நிறுக்கும் தராசில் வைத்தேன்:
ஆயிரத்து நூற்றைம்பது.
மற்றவை எதுவும் எண்ணூறைத் தாண்டவில்லை.
மிதுரனின் வகுப்பு மூன்றாம் மாடியில்.
மிதுரன் முப்பத்தொரு கிலோ.

"பெற்றோர் தரப்பு?"
தலைமை தாங்குபவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி கேட்கிறார்.
நுர்தான் என்னைப் பார்க்கிறாள்.
அந்தப் புள்ளியை ஜேர்மன் மொழியில் சொல்ல
எத்தனை மூச்சு வேண்டும் என்று எண்ணி வந்திருந்தேன்,
எந்தப் பெயரால் சொல்வது என்பதை மட்டும் முடிவுசெய்யாமல்.
வாய் திறந்தபோது வந்தவை
நான்கு எண்கள். கிராமில்.

முதலில் சிரிப்பு.
பிறகு ஓல்ட்ஹோஃப் அம்மையார் எழுந்து வந்து
நான்காவதை இரு கையாலும் வாங்கி
சந்தையில் பூசணிக்காய் பார்ப்பவர்போல் ஒருமுறை ஏற்றி இறக்கி,
ஒன்றும் பேசாமல்
எழுதிக்கொள்கிறார்.

இரண்டாவதற்கு ஐந்து கைகள், மூன்றாவதற்கு இரண்டு.
என் கை மடியில்.
கூட்டக் குறிப்பில் ஒரு வரி:
பெற்றோர் தரப்பு, எடை.

ஓகஸ்டில் புத்தகம் வந்தது.
உள்ளட்டையில் கட்டங்கள்: பெயர், ஆண்டு, நிலை.
முதற் கட்டத்தில் மிதுரன். நிலை: புதிது.
எழுதக் கூடாது, கோடு போடக் கூடாது,
இது பள்ளிக்கூடத்தின் சொத்து என்று
பெற்றோர் கையொப்பம் கேட்டார்கள். வைத்தேன்.
கண்ணாடித்தாள் உறை போட்டுவிட்டு
அந்த நகத்தைத் தேடிப் போனேன்.
வட கரை வெறுமையாக, சுத்தமாக இருந்தது.
பென்சிலும் மேசையில்தான் கிடந்தது.

அப்போதுதான் நுர்தானின் செய்தி:
அடுத்தது இயற்பியல்.
தராசைக் கொண்டு வா.